பொம்மைக்குப் போர்த்திய கோடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காக யோசித்துவிட்டேன். பேனாவைத் திறப்பேன். அந்த நேரம் பார்த்து யாராவது வந்து கால் கிலோ துவரம்பருப்பு கேட்பார்கள். நல்லவேளை என்று பேனாவை மூடிவிட்டுத் தராசைப் பிடித்துக்கொள்வேன். பொன்னமராவதியில் மளிகைக் கடை வைத்திருப்பவன் நான். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. "நமக்கெல்லாம் எழுத வராது" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சாக்கு. உண்மையான காரணம் வெட்கம். நடுரோட்டில் வழுக்கி விழுந்தவன்கூட வேட்டியைத் தட்டிக்கொண்டு அடுத்த தெருவில் புகுந்து மறைந்துவிடலாம். ஒரு பஸ் நிறைய நர்சிங் மாணவிகள் பார்த்துக்கொண்டிருக்க நான் செய்த காரியத்துக்கு மறைய எந்தத் தெருவும் போதாது.

போன கிருத்திகைக்கு விராலிமலை போனபோது முருகனிடமே உத்தரவு கேட்டுவிட்டேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் எழுதுவது என்று வேண்டுதல். வெள்ளைதான் வந்தது. (சிவப்பு வந்திருந்தால் நீங்கள் தப்பித்திருப்பீர்கள்.)

என் மகள் செல்வியைத் திருமயம் பக்கம் கட்டிக்கொடுத்து அப்போது ஆறேழு மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குத் தாயில்லை. சின்ன வயதிலேயே அவரை எடுத்து வளர்த்தது அவருடைய அத்தை, அதாவது என் சம்பந்தியின் அக்கா. அந்த அம்மா வேறொரு ஊரில் இருந்தார். நான் அந்த ஊருக்குப் போனதில்லை. கல்யாணக் கூட்டத்தில் ஒரே ஒரு தடவை அவரைக் கும்பிட்டதோடு சரி, முகம்கூட மனதில் நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் அவர் தவறிவிட்டதாகப் போன் வந்தது.

எங்கள் பக்கம் துக்க வீட்டுக்குச் சம்பந்தி வெறுங்கையோடு போக முடியாது. மாலையும் கோடியும் கொண்டு போக வேண்டும். கோடி என்றால் புதுத்துணி. இறந்தது பெண் என்றால் புதுச்சேலை. அதை நாம் போய் அவர் மேல் போர்த்த வேண்டும். பிறந்த வீட்டுக் கோடியும் சம்பந்தி வீட்டுக் கோடியும் விழாமல் தூக்க மாட்டார்கள். தாமதமாகக் கொண்டு போனால் அந்தப் பேச்சு நம்மோடு நிற்காது. அந்த வீட்டில் வாழ்கிற நம் பெண் காலத்துக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதிலும் என் சம்பந்தி சாதாரணப்பட்டவர் இல்லை. கல்யாணத்தன்று தாம்பூலப் பையைத் தூக்கிப் பார்த்து, "தேங்காய் சிறுசா இருக்கே" என்று சபையில் வைத்துச் சொன்னவர். அவர் சிரித்து நான் பார்த்ததே கிடையாது.

என் மனைவி சரசு சொந்தக்காரப் பெண்களோடு வேனில் முன்னால் கிளம்பினாள். பச்சையில் அரக்குக் கரை போட்ட சேலையை என் கையில் கொடுத்து, "மாலை கட்டி வாங்கிக்கிட்டு நேரா வாங்க. வழியில கடை கண்ணின்னு நிக்காதீங்க. பெரிய தெரு, பந்தல் போட்டிருக்குமாம், பார்த்தாலே தெரியுமாம்" என்றாள்.

பூக்கடையில் தாமதமாகிவிட்டது. அவசரத்தில் கண்ணாடியைக் கல்லா மேலேயே மறந்துவிட்டு, மாலைக் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு டிவிஎஸ் ஃபிப்டியில் பறந்தேன். (அந்த வண்டியில் பறப்பது என்றால் சைக்கிள்காரனை முந்துவது.)

ஊருக்குள் நுழைந்தால், அந்தக் காலத்துப் பெரிய பெரிய வீடுகள். ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. அதில் ஒரு வீட்டு வாசலில் பந்தல். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசல்படியில் செருப்புக் குவியல். பந்தல் காலில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். அதில் கண்ணாடி போட்ட, வயதான ஒரு அம்மாவின் படம். கீழே எழுதியிருந்ததெல்லாம் கண்ணாடி இல்லாமல் எனக்குப் புழு ஊர்வதுபோலத் தெரிந்தது. கண்ணீர் அஞ்சலி போர்டில் புதிதாக என்ன எழுதியிருக்கப் போகிறார்கள்? படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

நாற்காலிகளில் வெள்ளை உடுப்பில் இளம்பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் மாலையையும் என் முகத்தையும் பார்த்துவிட்டுப் பல பேர் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் இவ்வளவு பாசமா' என்று என் நெஞ்சு இளகியது.

"அம்மா எங்கிட்டு இருக்காங்க தாயி?" என்று ஒரு பெண்ணிடம் தழுதழுத்த குரலில் கேட்டேன்.

"உள்ளதான் இருக்காங்க அங்கிள். மாலையத்தான் எதிர்பார்த்துக்கிட்டே இருக்கோம். சீக்கிரம் போங்க" என்றாள் அவள்.

இதைவிடத் தெளிவாக ஒருத்தர் என்ன சொல்ல முடியும்?

முகப்பைத் தாண்டி உள்ளே போனேன். ஜன்னலெல்லாம் அடைத்து, விளக்கை மங்கலாக வைத்திருந்தார்கள். எங்கோ 'டப்... டப்...' என்று கொட்டுச் சத்தம் மெதுவாகக் கேட்டது. பெரிய வீட்டுக்காரர்கள் கொட்டைக்கூட அடக்கித்தான் அடிக்கச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த அறையில் உயரமான மேசை. அதன் மேல் கழுத்து வரை துணி போர்த்தி ஒரு பெண்ணைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் நாலைந்து பேர் தலையைக் குனிந்து அசையாமல் நின்றார்கள். எல்லார் முகத்திலும் மாஸ்க்.

எனக்குச் சுருக்கென்றது. என்ன வியாதியோ! நம்மிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்களே! துண்டை எடுத்து மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டேன். (கொரோனா பார்த்த உடம்பு.)

முறை தவறக்கூடாது. மாலையைச் சாத்தினேன். கோடிச் சேலையை உதறி விரித்துக் கால் வரை போர்த்தினேன். மடியிலிருந்து விராலிமலைத் திருநீறை எடுத்து நெற்றியில் பூசி, "முருகா, இந்த ஆத்மாவை உன் காலடியில சேத்துக்கப்பா" என்று வாய்விட்டு வேண்டினேன். தரையில் விழுந்து கும்பிட்டு எழுந்தேன். அந்த மங்கலிலும் ஒன்று கவனித்தேன். ஃப்ளெக்ஸில் பார்த்ததற்கு நேரில் முகம் ரொம்பச் சின்ன வயதாகத் தெரிந்தது. புண்ணியவதிகளுக்குச் சாவில் அப்படி ஒரு களை வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது கை கொடுக்க வேண்டும். துக்கம் விசாரிப்பது என்றால் உரியவர் கையை நம் இரண்டு கைக்குள் வாங்கிக்கொள்வதுதான். மேசைக்குப் பக்கத்தில் நெட்டையாக நின்றவர்தான் முக்கியமானவர்போல் இருந்தார். அவர் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. பாவம், அதிர்ச்சியில் விறைத்துப் போயிருக்கிறார்!

"மனசத் தேத்திக்கிங்க. வந்தவங்க எல்லாரும் ஒரு நாளு போகத்தானே வேணும்" என்றேன். குனிந்த தலை நிமிரவில்லை.

"ஒரு வாய் காப்பியாவது குடிச்சீங்களா?" என்று ஆறுதலாகக் கையைக் குலுக்கினேன்.

கை கழன்று என்னோடு வந்துவிட்டது.

முழங்கை வரைக்கும். உறையோடு. அதைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நான் நிற்கும்போது, பின்னாலிருந்து என் தோளை யாரோ தட்டினார்கள். திரும்பினேன். ஃப்ளெக்ஸில் இருந்த அம்மா! அதே கண்ணாடி, அதே கொண்டை. என் கண்ணுக்கு நேராக, உயிரோடு!

"ஆத்தாடி!" என்று நான் போட்ட கூச்சல் வாசல் பந்தல் வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். கால் பின்னிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையை மட்டும் விடவில்லை.

"யாருங்க நீங்க? எங்க டாக்டர் கையக் கழட்டி வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"நீங்க... நீங்க சாகலையா?"

"இன்னும் இல்லைங்க. நேரம் வாரப்ப ஆள் விட்டுச் சொல்லி அனுப்புறேன்" என்றார் அவர்.

அதற்குள் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் வாசல்வழியே எட்டிப் பார்த்தார்கள். இப்போது யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. சிரித்த சிரிப்பில் ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அந்த அம்மா இதய டாக்டர். அந்த ஊர்ப் பூர்வீகம். வெளிநாட்டிலும் சென்னையிலும் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் பூட்டிக் கிடந்த தன் பாட்டனார் வீட்டை ஒரு காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார். உலகத்திலேயே முதன்முதலாக ஒரு மனிதரின் இதயத்தை எடுத்து இன்னொரு மனிதருக்கு வைத்தார்களே, தென்னாப்பிரிக்காவில், அதை அப்படியே ஆளுயரப் பொம்மைகளாகச் செய்து வைத்திருந்தார். கொட்டுச் சத்தம் என்று நான் நினைத்தது ஒலிபெருக்கியில் ஓடிய இதயத் துடிப்பு. ஃப்ளெக்ஸ், மாணவிகள் அவருக்கு வைத்த வரவேற்பு. அவருக்கு மாலை வாங்கப் போன ஆள் வரவில்லையே என்று அவர்கள் காத்திருந்த நேரத்தில்தான் நான் மாலையோடு போய் இறங்கியிருக்கிறேன்.

நான் தேடிவந்த துக்க வீடு அடுத்த தெரு.

"தப்பா நினைச்சுக்காதீங்க டாக்டரம்மா" என்று கையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, எழுந்து போர்த்திய சேலையை அவசர அவசரமாகச் சுருட்ட ஆரம்பித்தேன். கை வேலை செய்ய, வாய் சும்மா இருக்காமல், "இது யாரு பொம்மைங்க?" என்று கேட்டுவைத்தேன்.

"இதயம் குடுத்த பொண்ணுங்க. சின்ன வயசு. அம்மாவும் மகளும் கேக் வாங்கிக்கிட்டு ரோட்டக் கடக்குறப்ப கார் மோதிருச்சு. அம்மா அந்த இடத்துலயே போயிட்டாங்க. இவளுக்கு மூளைச் சாவு."

என் கை நின்றது.

"ஆஸ்பத்திரியில டாக்டருங்க அந்தப் பொண்ணோட அப்பாகிட்டப் போய்க் கேட்டாங்க. இன்னொருத்தர் இதயம் கெட்டுப்போய்க் கிடக்காரு, உங்க மகளோடதக் குடுப்பீங்களான்னு. அது வரைக்கும் உலகத்துல எந்த அப்பன்கிட்டயும் யாரும் அப்படிக் கேட்டதில்லைங்க. காலையில பொண்டாட்டியும் மகளுமா இருந்த மனுசன். கொஞ்ச நேரந்தான் யோசிச்சாராம். சரின்னுட்டாரு."

"யாருக்குக் குடுத்தாங்க?"

"ஒரு மளிகைக் கடைக்காரருக்கு."

"மளிகைக் கடைக்காரருக்கா?"

"ஆமாங்க. அவரும் ரொம்ப நாள் இருக்கல. ஆனா அடுத்தவங்க நெஞ்சுல போயும் அது துடிச்சுது பாருங்க, அன்னைக்குத்தான் உலகத்துக்கே தெரிஞ்சுது இது நடக்கும்னு. எத்தன ஆயிரம் பேரு இப்ப உயிரோட நடமாடுறாங்க." தன் கையை முஷ்டியாக மூடிக் காட்டினார். "இவ்வளவுதாங்க இருக்கும் அது."

நானும் என் கையை மூடிப் பார்த்தேன். பருப்பு அள்ளுகிற கை. ஒரு பிடி. அந்தப் பெண்ணின் முகத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். செல்வி வயதுதான் இருக்கும். நெற்றியில் என் திருநீறு. எந்தச் சாமியைக் கும்பிட்ட பெண்ணோ, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று தோன்றியது.

அப்போதுதான் போன் அடித்தது. செல்வி. அழுதுகொண்டே பேசினாள்.

"அப்பா, எங்கிட்டு இருக்கீங்க? பொறந்த வீட்டுக் கோடியும் போட்டாச்சு, ஒங்களுதுதான் பாக்கி. மாமா வாசல்லயே நிக்கிறாரு. 'ஒங்கப்பா வாராரா, இல்ல நாங்க தூக்கவா'ன்னு எல்லாரும் பாக்கக் கேட்டுட்டாரு. எனக்கு மொகத்த எங்க வைக்கிறதுன்னு தெரியலப்பா."

"வாரேன் தாயி, பக்கத்துலதான் இருக்கேன், வந்துட்டேன்" என்று வைத்தேன். வைத்துவிட்டும் கால் நகரவில்லை.

"என்னங்க, சேலைய எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றார் டாக்டரம்மா.

"எடுக்க முடியாதுங்களே."

"ஏன்?"

"ஒருத்தருக்குப் போட்ட கோடிய உருவி இன்னொருத்தருக்குப் போடுறது வழக்கமில்லைங்க. பாவம்."

"அட, அது பொம்மைங்க! உள்ள பஞ்சும் ஃபைபரும்தான் இருக்கு!"

"பொம்மைதாங்க. ஆனா இந்தப் பொண்ணு பொம்மை இல்லையில்ல? அன்னைக்கு அந்த அப்பன் ஒத்தையில நின்னுருப்பாரு. நம்ம வழக்கப்படி யாரு கோடி போட்டிருப்பா? இப்ப விழுந்தது விழுந்ததாவே இருக்கட்டுங்க." அங்கே என் மகள் அழுகிறாள், இங்கே நான் யாரோ பெற்ற மகளுக்காக அழுகிறேன். கிறுக்கன் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு விறுவிறுவென்று உள்கட்டுக்குப் போய், அட்டைப்பெட்டியோடு ஒரு மெரூன் பட்டுச்சேலையை எடுத்து வந்தார். "பிரிக்காத சேலை. போன வாரம் திறப்பு விழாவுக்கு வந்தது. செத்துப் போனவங்க எனக்கும் தெரிஞ்சவங்கதான், நானும் வரணும்னுதான் இருந்தேன். கார்ல ஏறுங்க" என்றார். அதற்குள் மாலை வாங்கப் போன ஆளும் வந்து சேர்ந்தான். ஜிகினா வைத்த ரோஜா மாலை. வரவேற்பு மாலை. அதையும் வாங்கி என் மடியில் போட்டார்.

காரில் போகும்போது, "அந்த அப்பா பிற்பாடு என்ன ஆனாருங்க?" என்று கேட்டேன்.

"அது நம்ம காட்சிக்கூடத்துல இல்லைங்க. அந்த ஒரு நாள் மட்டுந்தான் அங்க இருக்கு" என்றார்.

துக்க வீட்டு வாசலில் சம்பந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். செல்வி தூணோரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நான் கண்ணீரும் கம்பலையுமாக இறங்கியதைப் பார்த்ததும் கூட்டம் வழிவிட்டது. "சம்பந்திக்கு எம்புட்டுப் பாசம் பாரு" என்று ஒரு கிழவி சொன்னது காதில் விழுந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். மாலையைச் சாத்தி, பட்டுச்சேலையைப் பிரித்துப் போர்த்தினேன்.

"இது நான் எடுத்த சேலை இல்லையே!"

சரசுதான். வேறு யார்? அழுகையெல்லாம் அடங்கி அந்த இடமே அமைதியான நேரம் பார்த்துச் சொன்னாள். "நான் பச்சையில எடுத்தேன். இது மெரூனு. அதும் பட்டு! ஏங்க, நம்ம சேலை எங்க? இதென்ன மாலையில ஜிகினா மின்னுது?"

சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சொல்லுங்க."

சொன்னேன். பொய் சொல்லத் தெரிந்தால் சொல்லியிருப்பேன். அத்தனை பேர் முன்னால், ஃப்ளெக்ஸிலிருந்து கை கழன்றது வரை சொன்னேன். எங்கெங்கோ களுக் களுக்கென்று சத்தம் கேட்டது. மாப்பிள்ளைகூடத் துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். சம்பந்தி முகம் மட்டும் அசையவில்லை. அந்தப் பெண்ணையும் அப்பாவையும் பற்றிச் சொல்லி முடித்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். டாக்டரம்மாதான், "நெசந்தாங்க. சேலைய எடுங்கன்னு நான் சொல்லியும் எடுக்கல" என்றார்.

சம்பந்தி அக்காவின் முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அவரு ரெண்டு எழவு பாத்துட்டு வந்திருக்காரு. நேரமாகத்தான் செய்யும். இதப் பத்தி எம்மருமகள யாரும் ஒரு வார்த்தை கேக்கப்படாது. ம்... தூக்குங்க."

தூணோரம் செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு எனக்கு வேறென்ன வேண்டும்?

கருமாதி முடிந்த மறுநாள், சம்பந்தி யாரிடமும் காரணம் சொல்லாமல் ஒரு வேன் பிடித்தார். இரண்டு வீட்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு நேராக அந்தக் காட்சிக்கூடத்துக்கு விட்டார். கை ஒட்டப்பட்டு டாக்டர் பொம்மை மறுபடி கம்பீரமாக நின்றது. பச்சைச் சேலையும் இருந்தது. மாணவிகளுக்கு விளக்கும்போது அதையும் சேர்த்தே சொல்வதாக டாக்டரம்மா சொன்னார். அன்றைக்கு நான் பார்க்காத இன்னோர் அறை இருந்தது. அதில் ஒரு நாற்காலியில் ஒரு மனிதர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அந்த அப்பா.

சம்பந்தி செருப்பில்லாத காலோடு மெதுவாகக் கிட்டே போனார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்தப் பொம்மையின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சம்பந்தி, இது கழண்டுராதுல்ல?" என்று கேட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அதிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் நான் எந்தத் துக்க வீட்டுக்குக் கிளம்பினாலும் விடமாட்டார்கள். "அப்பா, மொதல்ல மூச்சு இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க" என்பாள் செல்வி. "மூச்சு இருந்தா போடக் கூடாதுங்க மாமா" என்பார் மாப்பிள்ளை. யாராவது எனக்குக் கை கொடுக்க வந்தால் பேரன், "தாத்தா, மெதுவா!" என்று கத்துகிறான். அவனுக்கு இன்னும் அ, ஆ முழுசாக வராது. இந்தக் கதை மட்டும் முழுசாக வரும்.

கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. மீமிசல் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் வியாபாரி என் கடையிலேயே உட்கார்ந்து, ஆள் நான்தான் என்று தெரியாமல், என்னிடமே சொன்னார். அவர் சொன்னதில் பொம்மை எழுந்து உட்கார்ந்து என்னைக் கட்டிப்பிடித்தது. விராலிமலையில் ஒருத்தர் சொன்னதில் நான் பயந்து செத்தே போய்விட்டேன். அதையெல்லாம் நானும் சேர்ந்து சிரித்துக் கேட்டுக்கொள்வேன். ஆனால் யார் சொன்ன கதையிலும் அந்தப் பெண் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா இல்லை. கழன்ற கை மட்டும்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

அதனால்தான் எழுதினேன். படித்த நீங்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். என்னைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும். அவர்கள் சிரித்து முடித்ததும், எழுந்து போவதற்குள், பெற்ற மகளின் இதயத்தைக் கேட்டபோது சரி என்று சொன்ன ஒரு மனிதர் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.